ஆறு கட்டில்களும் ஒரு மின்விசிறியும்

நியூ ஜெர்சியின் எடிசனிலும் ஐசலினிலும் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் கிழவர் கிழவிகளுக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது. உறுப்பினர்கள் அறுபத்திரண்டு பேர். அவர்களில் முழங்கால் வலி இல்லாதவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரின் பேச்சையும் நான் நம்புவதில்லை. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூடுவோம். யாராவது ஒருவர் பேசுவார், நாற்பது பேர் கேட்பார்கள், பதினைந்து பேர் தூங்குவார்கள், மீதிப்பேர் வரமாட்டார்கள். கணக்கு எப்போதும் சரியாக வரும்.

மே மாதத்தில் இந்த நாட்டில் செவிலியர்களுக்கென்று ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். நாமும் கொண்டாட வேண்டும் என்று எங்கள் செயலாளருக்குத் தோன்றிவிட்டது. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் அவர். எதையாவது கொண்டாடாத மாதத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் போர்க்கள ஆஸ்பத்திரியில் கையில் விளக்கோடு நோயாளிகளைப் பார்க்கப் போன ஆங்கிலேய அம்மையாரைப் பற்றி ஒரு கூட்டம் வைப்பது, அம்மையாரின் வாழ்க்கையை நான் பேசுவது என்று முடிவு செய்து எனக்குத் தொலைபேசினார். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. நான் மாநிலப் புள்ளியியல் துறையில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தவன். அந்த அம்மையாரும் புள்ளிவிவரத்தில் கெட்டிக்காரியாம்.

காது மந்தம் என்பதால் நான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். மேடையில் யார் யார் என்று கேட்டேன். தலைவர், செயலாளர், ஐந்து மருத்துவர்கள், ஆக ஏழு நாற்காலி, ஏழு பொன்னாடை என்றார். செவிலியர் நாளில் நர்ஸ் ஒருவரும் இல்லையா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"நர்ஸைப் பத்தி டாக்டர்ஸ்தானே சார் சொல்லணும்? அதுவும் நம்ம குரூப்ல யாரு சார் நர்ஸ்? எல்லாம் டீசன்ட் ஃபேமிலி" என்றார் செயலாளர்.

நான் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மூன்றடி தள்ளி, சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள் என் மனைவி. கத்திச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அவள் முப்பத்து மூன்று ஆண்டு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்.

இதை இங்கே யாருக்கும் நாங்கள் சொன்னதில்லை. நாங்கள் என்று எழுதுவது தவறு. நான் சொன்னதில்லை, அவள் என்னை மீறிச் சொன்னதில்லை. ஊரிலும் அப்படித்தான். 'மெடிக்கல் டிபார்ட்மென்ட்ல இருக்கா' என்பேன். கேட்பவர்கள் அதை ஆபீஸ் வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அந்நிய ஆண்களைத் தொட்டுத் துடைக்கிற வேலை என்று எங்கள் சாதிசனத்தில் ஒரு முகச்சுளிப்பு இருந்தது. அவள் சம்பளத்தில் வாங்கிய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர்கள் முகம் சுளித்தார்கள். நானும் அதே மாதிரி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு பேச்சை மாற்றுவேன்.

நூலகத்தில் அம்மையாரைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. பன்னிரண்டு நாளில் படித்தேன். வசதியான வீட்டுப் பெண். நோயாளிகளுக்குப் பணி செய்யப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் பூகம்பம். அந்தக் காலத்தில் அங்கே ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிகாரி, ஒழுக்கம் கெட்டவள் என்று பெயராம். அம்மாவும் அக்காவும் அழுது, மயங்கி, எதிர்த்து, பல ஆண்டு தடுத்து வைத்திருக்கிறார்கள். வந்த வரனை அவர் வேண்டாமென்று விட்டார். பிறகு போர் வந்தது. போர்க்கள ஆஸ்பத்திரியில் காயத்தால் செத்தவர்களைவிட அழுக்கால் செத்தவர்கள் அதிகம் என்று கண்டுகொண்டார். அதை எண்ணினார், வட்டமாக வரைந்து வண்ணம் தீட்டிப் பெரிய மனிதர்கள் மேசையில் வைத்தார். இந்த இடத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. நானும் முப்பத்தைந்து ஆண்டு வட்டம் வரைந்தவன். என் வட்டங்களை மேலதிகாரிகள் டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு பல காலம் உடம்பு முடியாமல், கட்டிலில் இருந்தபடியே உலகத்துக்கெல்லாம் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல் இந்தியச் சாக்கடைகளைப் பற்றி இந்தியர்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டிருக்கிறார். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டைத் திருத்துகிற எங்கள் வட்டத்துக்கு அவர் முன்னோடி என்றே சொல்லலாம். ஒரு வித்தியாசம், அவர் திருத்தினார்.

இதையெல்லாம் ஆறு பக்கமாக எழுதினேன். பன்னிரண்டு நிமிடம் வந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். தாதிகளின் கெட்ட பெயர் பற்றிய பக்கம் வந்தபோது அவள் காயை வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாச் செய்வீங்களா?"

"என்ன?"

"கடைசில ஒரு வரி சேத்திக்கோங்க. என் மனைவியும் ஒரு நர்ஸ்தான்னு."

நான்கு வார்த்தை. சொல்வதற்கு இரண்டு விநாடி ஆகும். நாற்பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னிடம் தனக்கென்று கேட்டவை மிகக் குறைவு. ஒரு தையல் மிஷின், ஒரு பழநி யாத்திரை. இரண்டையும் தள்ளிப்போட்டுத்தான் நிறைவேற்றினேன்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சம்பந்தி. மருமகளின் அப்பா சென்னையில் பெரிய டாக்டர். பதினான்கு வருடத்துக்கு முன் சம்பந்தம் பேசும்போது, மாப்பிள்ளையின் அம்மா எந்த டிபார்ட்மென்ட் என்று போனில் கேட்டார். ஹெல்த் என்றேன். மினிஸ்டீரியல் ஸ்டாஃபா, ஆபீஸ் வேலையா என்றார். ஆமாம் என்றுவிட்டேன். அன்றிலிருந்து அவர் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கும் போதெல்லாம் என் மனைவி அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள். நூலகக் கூடத்தில் சொன்னால் அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் சென்னை போய்ச் சேரும். மருத்துவரிடம் பொய் சொன்ன மனிதன் என்று எழுபத்தெட்டு வயதில் பெயர் வாங்க வேண்டும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆறாம் பக்கத்தின் கடைசியில் பென்சிலால் எழுதினேன். பேனாவால் எழுதவில்லை என்பதை அவள் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை கூடத்தில் ஐம்பத்து மூன்று பேர். அம்மையாரின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய ஜவந்தி மாலை போட்டு, யாரோ ஒரு பெண்மணி பக்தியோடு குங்குமமும் வைத்திருந்தார். கல்யாணமே வேண்டாமென்று இருந்த அம்மையாருக்கு இத்தனை காலம் கழித்து நியூ ஜெர்சியில் சுமங்கலி யோகம். அடுத்தது விளக்கேற்றம். அந்தக் கூடத்தில் நெருப்பு ஏற்றக் கூடாது. ஏற்றினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். ஆகவே ஐந்து முகக் குத்துவிளக்கின் மேல் ஐந்து பேட்டரி மெழுகுவத்திகள். வந்திருந்த மருத்துவர்கள் ஒவ்வொருவராக அடிப்பக்கத்துப் பொத்தானை அமுக்கினார்கள். நான்கு எரிந்தன. ஐந்தாவதைத் தலைகீழாக்கி உலுக்கிப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று மருத்துவர்களே கைவிட்டார்கள்.

ஐந்து மருத்துவர்களில் நான்கு பேர்தான் வந்தார்கள். ஐந்தாமவருக்கு மகளின் அரங்கேற்ற ஒத்திகை. வந்த நால்வரில் ஒருவர் எக்ஸ்ரே பார்ப்பவர். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பதினெட்டு வருடமாகிறது என்று அவரே பெருமையாகச் சொன்னார். ஒருவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, பிற மருத்துவர்கள் எழுதும் சிகிச்சைகளுக்கு அனுமதியில்லை என்று எழுதுபவர். ஒருவர் பல் கட்டுபவர். இன்னொருவர் பிளாஸ்டிக் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நால்வரும் தலைக்குப் பதினைந்து நிமிடம் செவிலியர்களின் தியாகத்தைப் பேசினார்கள். பிறகு பொன்னாடை. தலைவர் செயலாளருக்குப் போர்த்தினார், செயலாளர் தலைவருக்குப் போர்த்தினார். ஒன்று மிஞ்சி மேசையில் கிடந்தது.

என் மனைவி கடைசி வரிசைக்குப் பின்னால், காப்பி கொதிகலனுக்கும் சுண்டல் பாத்திரத்துக்கும் பொறுப்பாக நின்றுகொண்டிருந்தாள். பெண்களில் நல்ல கைப்பக்குவம் உள்ளவர் என்று செயலாளரே அவளை நியமித்திருந்தார்.

என் முறை வந்தபோது செயலாளர் காதோடு சொன்னார், கூடத்தை நான்கு மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஏழு நிமிடத்தில் முடியுங்கள் என்று. பன்னிரண்டு நிமிடத்தை ஏழாக்குவது வகுத்தல் கணக்கு அல்ல. எந்தப் பக்கத்தை எடுப்பது என்று தெரியவில்லை. பதற்றத்தில் ஆறு பக்கத்தையும் மடித்து ஜேபியில் வைத்தேன். பென்சில் வரியும் ஜேபிக்குள் போனது. அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பேப்பர் இல்லாமல் பேசினேன். வீட்டு எதிர்ப்பைச் சொன்னேன், போரைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எனக்குப் புத்தகம் மறந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பக்கமும் வரவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. அம்மையார் வார்டில் நடந்துபோகிறார். கழிப்பறைக் கதவுப் பக்கத்துக் கட்டில்களில் மட்டும் புண் சீழ் வைப்பதைப் பார்க்கிறார். ஒரு நோட்டுப் போட்டுக் கட்டில் நம்பர் வாரியாக எழுதுகிறார். டாக்டரிடம் காட்டுகிறார், டாக்டர் சிரிக்கிறார். மேலதிகாரி லீவில் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஆயாக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு எட்டுக் கட்டிலையும் வராந்தாவுக்கு இழுக்கிறார். கழிப்பறைக் காற்றை வார்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்த மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றச் சொல்கிறார். திங்கட்கிழமை அவருக்கு மெமோ வருகிறது. அடுத்த மாதம் சீழ் நின்றுவிடுகிறது.

கைதட்டல் பத்து விநாடிக்கு மேல் நீடித்தது. எக்ஸ்ரே மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கூடத்தின் பின்பக்கம் பார்த்தேன். என் மனைவி கொதிகலனின் மூடியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் யாருடைய கதையைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

முன்வரிசையில் யாழ்ப்பாணத்துப் பௌதிக ஆசிரியை ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கை தூக்கினார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் காலத்தில கரண்ட் இருந்ததோ? அந்த ஃபான் எப்பிடிச் சுத்தினது?"

  செயலாளர் எழுந்து, அது கையால் இழுக்கும் பங்காவாக இருக்கும் என்றார். இன்சூரன்ஸ் மருத்துவர் ஆமோதித்தார். பிளாஸ்டிக் டாக்டர் போர்க்கள ஆஸ்பத்திரியில் பங்கா இருந்ததற்குச் சான்று உண்டு என்று அந்தக் கணமே கண்டுபிடித்தார். பங்கா இழுத்தவன் இந்தியச் சிப்பாயாகத்தான் இருக்க வேண்டும், தமிழனாக இருந்தாலும் ஆச்சரியமில்லை என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. இரண்டு நிமிடத்தில் என் கண்ணெதிரே ஒரு வரலாறு எழுதப்பட்டு, மேடையில் ஏகமனதாக நிறைவேறியது.

என்னால் தாங்க முடியவில்லை. தவறான தரவை முப்பத்தைந்து ஆண்டில் ஒருமுறைகூட நான் கையெழுத்திட்டு அனுப்பியதில்லை.

"பங்கா இல்லீங்க" என்றேன். "அம்பத்தாறு இஞ்ச் சீலிங் ஃபேன். எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரி. விவரம் அத்தனையும் சரி. ஆள்தான் வேற. கட்டிலை இழுத்தது அந்தம்மா இல்ல, என் சம்சாரம். அவ அங்க நர்ஸ்."

ஐம்பத்திரண்டு தலைகள் காப்பிக் கொதிகலன் பக்கம் திரும்பின.

"எட்டுக் கட்டில் இல்லீங்க, ஆறு" என்றாள் என் மனைவி. "இவரு தப்பாச் சொல்லிட்டாரு."

சிரிப்பு எழுந்தது. என் வாழ்க்கையில் எண்ணிக்கைப் பிழைக்காகச் சபையில் திருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. யாழ்ப்பாணத்து ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார், முழங்கால் வலியோடு. பிறகு மற்றவர்கள். செயலாளர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, பார்த்தேன். அவர் ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, எப்போதும்போல நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். மேசையில் மிஞ்சிக் கிடந்த பொன்னாடையை விரித்து, இப்படிப்பட்ட மனைவியை அடைந்ததற்காக எனக்குப் போர்த்திவிட்டார்.

நான்கு மணி கடந்தும் கூடம் காலியாகவில்லை. என் மனைவியைச் சுற்றி ஒன்பது பெண்கள். ஒருத்தி காலுறையைக் கழற்றிவிட்டு ஆறாத புண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதை மருமகளுக்குத் தெரியாமல் இரண்டு மாதமாக மறைத்து வைத்திருந்தாளாம். இவள் குனிந்து, முகர்ந்து, பக்கத்துத் தோலை விரலால் அமுக்கிப் பார்த்து, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையென்றால் நானே உங்கள் மகனிடம் சொல்லிவிடுவேன் என்றாள். நான்கு மருத்துவர்களும் அப்போது ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் காரில் அழைத்துப் போனான். நான் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் அவள் பக்கத்தில் இருந்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். ஆறு சிக்னல் தாண்டியது.

"சொல்லிட்டேனே" என்றேன் கடைசியில்.

"சொன்னீங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "எனக்காகச் சொல்லல. ஃபேனுக்காகச் சொன்னீங்க."

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு உடனே ரோட்டைப் பார்த்தான்.  அந்தக் கட்டில் விவகாரம் நடந்த காலத்தில் அவள் நோட்டைக் கொண்டுவந்து என்னிடம்தான் முதலில் காட்டினாள். மாதிரி அளவு போதாது, ஆறு கட்டிலை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நான் சொன்னேன். அதுவும் அவளுக்கு நினைவிருக்கும், அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்குச் சென்னையிலிருந்து சம்பந்தியின் வீடியோ அழைப்பு வரும். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். மனைவி வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வெயில், பேத்தியின் பியானோ, எங்கள் இருவரின் சர்க்கரை அளவு என்று மூன்று விஷயம் முடிந்தது. நான்காவதாக அவர் தன் ஆஸ்பத்திரிக் கதை ஒன்றைத் தொடங்கினார். மனைவி பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, திருத்தப்பட வேண்டிய விவரமும் எதுவும் இல்லை.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். கல்யாணத்தப்போ நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இவ ஆபீஸ்ல வேலை பாக்கல. என் மனைவி ஒரு நர்ஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு நாடித்துடிப்பு நூறைத் தாண்டியிருக்கும், எண்ணவில்லை.

"தெரியுமே" என்றார். "பொண்ணு குடுக்கறோம், விசாரிக்காம இருப்பேனா? அந்த ஆஸ்பத்திரில என் கிளாஸ்மேட் சர்ஜன். அந்த வார்டு சிஸ்டர் வீடுன்னா கண்ணை மூடிட்டுக் குடுடான்னான். அதனாலதான் குடுத்தேன். உங்களைப் பத்தியும் கேட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியல."

பதினான்கு வருடம். வாரத்துக்கு ஓர் அழைப்பு என்றால் எழுநூறுக்கு மேல் வருகிறது. அதில் ஆஸ்பத்திரிப் பேச்சு வந்த ஒவ்வொரு முறையும் அடுப்பில் இல்லாத ஒன்றைப் பார்க்க அவள் எழுந்து போயிருக்கிறாள். அவரோ, சம்பந்தியம்மாவுக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மரியாதையாக இருந்திருக்கிறார்.

மனைவி பட்டாணித் தட்டைத் தரையில் வைத்தாள். போனை என் கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"யாருங்க அந்த சர்ஜன்? கொஞ்சம் கட்டையா, தியேட்டர்ல கத்திட்டே இருப்பாரே, அவரா?"

சம்பந்தி பெரிதாகச் சிரித்தார். அவர்தான், இப்போது அவருக்கே பைபாஸ் ஆகியிருக்கிறது என்றார். எந்த ஆஸ்பத்திரியில், தையல் எப்போது பிரித்தார்கள் என்று இவள் ஆரம்பித்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இருங்க என்று கையைக் காட்டினாள். திரையின் மூலையில் எங்கள் படம் தெரியும் சின்னக் கட்டத்தில் அவள் முழுதாக இருந்தாள். என்னில் இடது காது மட்டும் தெரிந்தது. நான் பட்டாணியை உரித்து முடித்தேன்.